கடிக்கும் முன் மூன்று, கடித்த பின் இரண்டு

ஓட்டமாவடியில் நாய் பிடிக்கிற ஆள் எங்கே என்று யாரைக் கேட்டாலும் றம்ஸீனின் வீட்டைக் காட்டுவார்கள். அவர் நாயைப் பிடித்துக்கொண்டு போகிறவர் அல்லர். பிடித்து, சுகாதாரப் பரிசோதகர் ஊசி போட்டு முடிக்கும் வரை வைத்திருந்து, அந்த இடத்திலேயே விட்டுவிடுகிறவர். இந்த வித்தியாசத்தைப் பன்னிரண்டு வருடமாக விளங்கப்படுத்திக் களைத்துப்போய்விட்டார். இப்போது யாராவது "நாய்க்கார றம்ஸீன்" என்று கூப்பிட்டாலும் ஓம் என்று திரும்பிப் பார்ப்பார்.

வயது நாற்பத்தேழு. உயரமான, மெலிந்த ஆள். அதற்கு முதல் மாட்டு வியாபாரம் செய்தவர். புணானைப் பக்கத்துப் பட்டிகளில் மாடு பார்த்து வாங்கி விற்பது அவருடைய தொழில். அந்தத் தொழிலிலிருந்து அவரை இங்கே கொண்டுவந்து விட்டது ஒரு பட்டிக்காரரின் சாவு.

அந்த மனிதரின் பசு ஒன்று திடீரென்று தீன் எடுக்காமல் வாயில் நீர் வடிய நின்றது. ஓயாமல் கத்தியது. தொண்டையில் ஏதோ அடைத்திருக்கிறது என்று நினைத்து, அவர் முழங்கை வரை கையை விட்டுத் துழாவிப் பார்த்தார். கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவர் றம்ஸீன். நாலாம் நாள் பசு செத்தது. எல்லோரும் அதை மறந்துவிட்டார்கள். இரண்டு மாதம் கழித்து றம்ஸீன் மறுபடி அந்தப் பட்டிக்குப் போனபோது அந்த மனிதர் கொட்டிலில் படுத்திருந்தார். காய்ச்சல் என்றார். வலது கை விறுவிறுக்கிறது என்றார். றம்ஸீன் பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணீர் வார்த்துக் கொடுத்தார். அவர் வாங்கி வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனதும் தொண்டை ஒரு இழுப்பு இழுத்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது. கோப்பையை இரண்டு கையாலும் மெதுவாகத் திருப்பிக் கொடுத்தார்.

"மறுகா குடிக்கிறன் தம்பி."

மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மூன்று நாளில் முடிந்துவிட்டது.

விசாரிக்க வந்த பரிசோதகரிடம் றம்ஸீன் கேட்டது ஒரே கேள்விதான். கடிக்காத மாடு மனிதனைக் கொல்லுமா? அவர் ஒரு மணித்தியாலம் பொறுமையாகச் சொன்னார். வெறி பிடித்த விசர்நாய் கடித்த மாட்டுக்கும் விசர் வரும், அதன் எச்சில் ஒரு சின்னக் கீறல் வழியாகவும் உள்ளே போகும். அன்றைக்கே கழுவி, ஊசி போடத் தொடங்கியிருந்தால் பிழைத்திருப்பார். நோய்க்குறி காட்டத் தொடங்கிய பிறகு கொடுப்பதற்கு மருந்து கிடையாது.

றம்ஸீனின் மனதில் நின்றது அந்த இரண்டு மாதம். அந்த இரண்டு மாதமும் அந்த மனிதர் நடமாடினார். ஒரு கலியாண வீட்டுக்குப் போனார். கூரை வேய்ந்தார். ஊசி, பஸ்ஸில் முக்கால் மணித்தியாலத் தூரத்தில் இருந்தது. யாருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த வருடம் நாய்த் தடுப்பூசி வேலைக்கு ஆள் தேவை என்று சொன்னபோது றம்ஸீன் போய்ப் பெயர் கொடுத்தார். மனைவி ஹஸீனாவுக்கு இது தெரியவந்தது மறுநாள்.

"ஊரில வேற சோலி இல்லையா? நாய்ட எச்சில் பட்டா ஏழு தரம் கழுவோணும், அதில ஒரு தரம் மண்ணால. நீங்க ஒரு நாளைக்கு அறுபது நாய் பிடிச்சா எத்தின தரம் கழுவுற?"

"பள்ளி மௌலவிட்டக் கேட்டுட்டன் புள்ள. கடைசி நாய்க்குப் பிறகு ஏழு தரம் கழுவினாக் காணுமாம்."

அவள் சிரிக்கவில்லை. ஆனால் கிணற்றடியில் ஒரு பழைய சட்டி வந்தது. அதில் எப்போதும் சுத்தமான மண் இருந்தது. கேட்டால் தான் வைக்கவில்லை என்பாள்.

வேலைக்குச் சேர்ந்ததும் முதலில் ஊசி போட்டது நாய்க்கு அல்ல, அவருக்கு. முதல் நாள் ஒன்று, ஏழாம் நாள் ஒன்று, நாலாம் கிழமை ஒன்று. "நாய் கடிக்க முந்தியே ஊசியா?" என்று ஹஸீனா வியந்தாள். அதையேதான் அவரும் டொக்டரிடம் கேட்டிருந்தார்.

"நீங்க நாயோட வேலை செய்யிற ஆள். அதால உடம்பை முதலே பழக்கி வைக்கிறம்," என்றார் டொக்டர். "மறுகா ஒருநாள் கடிச்சா ரெண்டு ஊசியோட சரி. புண்ணுக்குள்ள போடுற சீரம் தேவைப்படாது. ஆனா ஒண்டு, முதலே போட்டிருக்கிறன்தானே எண்டு வராம மட்டும் இருந்திராதீங்க."

அந்த அட்டையைப் பொலித்தீன் உறையில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு பதினொரு வருடம் போயிற்று. இடையில் ஒரு தரம் கடி பட்டார். அந்த நாய்க்கு ஒன்றும் இல்லை என்று பிறகு தெரிந்தது. ஆனாலும் அன்றைக்கே போய் ஊசி போட்டுக்கொண்டார்.

போன வருடம் ஆனி மாதம், கச்சான் காற்று அனலாக அடித்துக்கொண்டிருந்த ஒரு காலையில் மாங்கேணிக்குப் போனார்கள். கூட வந்தது யதுர்ஷன், புதிதாக வந்த சுகாதாரப் பரிசோதகர். முப்பது வயது இருக்காது. ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டி அறிவித்துவிட்டு, கரைக்குக் கிட்ட ஒரு வேம்பின் கீழ் இருந்தார்கள். ஆட்கள் நாய்களைக் கயிற்றிலும் சாரன் துணியிலும் கட்டி இழுத்துவந்தார்கள். பத்து மணிக்குள் நாற்பது நாய்க்கு ஊசி போட்டாயிற்று.

அப்போது வெறுங்கையோடு ஒரு பெண் வந்தாள். பெயர் சுலோஜனா. மீன்பிடிகாரர் இராசதுரையின் மனைவி. றம்ஸீனை அண்ணன் முறைக்குக் காக்கா என்று கூப்பிட்டாள்.

"காக்கா, எங்கட குட்டிக்குத் தொண்டையில முள்ளு சிக்கிட்டு. ரெண்டு நாளாத் தின்னுதுமில்ல, குரைக்குதுமில்ல. வாயத் திறந்தபடியே கிடக்கு. ஒருக்கா வந்து எடுத்து விடுவீங்களா?"

றம்ஸீனின் கை வலைப் பிடியில் அப்படியே நின்றது.

"வீட்டில புள்ளையள் இரிக்கா?"

"ஒரு பொம்புளப் புள்ள."

"ஓடி வாங்க சேர்," என்று யதுர்ஷனைக் கூப்பிட்டுக்கொண்டே அவர் நடந்தார்.

கவிழ்த்துப் போட்டிருந்த தோணியின் நிழலில் குட்டி கிடந்தது. நாலு மாதக் குட்டி, செம்மண் நிறம். கீழ்த்தாடை தொங்கிப்போய், நாக்கு வெளியே வந்து, நூலாக எச்சில் வடிந்தது. கண் எதையும் பார்க்கவில்லை. ஏழு வயதுக் கம்சாயினி ஒரு சிரட்டையில் தண்ணீர் எடுத்துக்கொண்டு அதற்குக் கிட்டக் குனிந்துகொண்டிருந்தாள்.

"புள்ள, விடு! விட்டுட்டு இஞ்சால வா!"

பிள்ளை திடுக்கிட்டுச் சிரட்டையைப் போட்டாள். தண்ணீர் சிதறிய சத்தத்தில் குட்டி தள்ளாடி எழுந்து அவள் பக்கம் விழுந்தது. வலையை வீச நேரம் இல்லை. றம்ஸீன் இடையில் கையைக் கொடுத்துத் தள்ளினார். கையுறை முடிகிற இடத்துக்கு மேலே, மணிக்கட்டில், மேற்பல் ஒரு கோடு இழுத்தது. அடுத்த கணம் வலை குட்டியின் மேல் இருந்தது. அதை ஒரு இரும்புக் கூட்டுக்குள் விட்டுக் கதவைக் கட்டினார்கள்.

கோட்டில் இரத்தம் மெதுவாகப் பொட்டுப் பொட்டாக வந்தது. றம்ஸீன் குழாயடிக்குப் போய்ச் சவர்க்காரம் கேட்டார். தண்ணீரை ஓடவிட்டு, நுரை போட்டு, மறுபடி கழுவி, மறுபடி நுரை போட்டார். யதுர்ஷன் போனில் கால் மணித்தியாலத்துக்கு அலாரம் வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றான். கழுவிக்கொண்டே றம்ஸீன் பிள்ளையைக் கூப்பிட்டார்.

"மகள், உனக்கு இது எங்கயும் கடிச்சதா? பயப்பிடாமச் சொல்லு."

கம்சாயினி தாயைப் பார்த்தாள். பிறகு பாவாடையைக் கொஞ்சம் உயர்த்திக் கெண்டைக்காலைக் காட்டினாள். இரண்டு சின்னப் புள்ளிகள். மேலே கோப்பித்தூள் காய்ந்து அப்பியிருந்தது.

"விளையாட்டுக்குக் கடிச்சது காக்கா, மூணு நாளாகுது," என்றாள் சுலோஜனா. "பால் பல்லுத்தானே எண்டு..."

"கோப்பித்தூளைக் கழுவுங்க. சவர்க்காரம் போட்டு, என்னைப் போல. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போவம். வேற ஆர் தொட்டது இதை?"

சுலோஜனா தன் புருஷன் பக்கம் திரும்பினாள். இராசதுரை வேலியோரம் கிழிந்த வலையைப் பொத்தித் தைத்துக்கொண்டிருந்தார். இவ்வளவு நேரமும் எழும்பவில்லை.

"என்னைக் கடிக்கல்ல," என்றார்.

"முள்ளு எடுக்க வாய்க்குள்ள கை விட்டீங்களா?"

"விட்டன். நேத்தும் விட்டன், முந்தநாளும் விட்டன். ஒண்டும் அம்பிடல்ல. அது கடிக்கவும் இல்ல. தாடைய மூடவே ஏலாதே, எப்பிடிக் கடிக்கும்?"

றம்ஸீன் கிட்டப் போய் அவருடைய கையைத் திருப்பிப் பார்த்தார். மீன் முள்ளும் நைலோன் நூலும் வெட்டிய கோடுகள். சில ஆறியவை, சில பச்சையாக இருந்தன.

"நீங்களும் வாங்க."

"புள்ளையக் கூட்டிட்டுப் போங்க காக்கா. எனக்கு இண்டைக்கு வலை வேலை கிடக்கு. எனக்கொண்டும் செய்யாது."

யதுர்ஷன் விளக்கம் சொல்லத் தொடங்கினான். வைரசு, நரம்பு, மூளை என்று. இராசதுரை தலையாட்டிக்கொண்டே வலை ஊசியில் நூலை இழுத்தார். றம்ஸீன் தன் சட்டைப் பையிலிருந்து அந்த அட்டையை எடுத்தார். கை ஈரத்தில் உறை நனைந்தது.

"இதப் பாருங்க. நான் முதலே மூணு ஊசி போட்டவன். இடையில கடி பட்டும் போட்டவன். மூணு வருசம் முந்தி இரத்தம் எடுத்துப் பாத்து, குறைஞ்சிட்டு எண்டு இன்னொண்டும் போட்டாங்க. இவ்வளவு காவல் இரிக்கிற நானே இப்ப ஓடுறன். ஒண்டுமே போடாத நீங்க இருந்து வலை பொத்துறீங்க."

இராசதுரை அட்டையை வாங்கவில்லை. ஆனால் பார்த்தார். திகதிகளும் கையெழுத்துகளும் வரிசையாக இருந்தன. பிறகு றம்ஸீனின் மணிக்கட்டைப் பார்த்தார். சிவப்புக் கோடு ஒரு விரல் நீளம் கூட இல்லை.

"இந்தக் கீறலுக்கா?"

"இந்தக் கீறலுக்குத்தான்."

அவர் வலையைச் சுருட்டி வேலியில் போட்டுவிட்டு எழும்பினார்.

கிட்ட இருந்த ஆஸ்பத்திரியில் ஊசியைத் தொடங்கினார்கள். தகப்பனையும் பிள்ளையையும் சீரத்துக்காக அங்கிருந்து பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். றம்ஸீனும் கூடப் போனார். அவருக்கு அங்கே வேலை இல்லை. அன்றைக்கு ஒரு ஊசி, மூன்றாம் நாள் ஒன்று, அவருடைய கணக்கு அத்தோடு தீர்ந்தது. மற்ற இரண்டு பேருக்கும் நாலு தடவை: அன்றைக்கு, மூன்றாம் நாள், ஏழாம் நாள், முப்பதாம் நாள். அதற்கு மேல் சீரம். முதலில் தோலில் கொஞ்சம் போட்டு ஒவ்வாமை வருகிறதா என்று பார்த்தார்கள். பிறகு புண்ணைச் சுற்றிப் போட்டார்கள். கம்சாயினியின் அலறல் விறாந்தை வரைக்கும் வந்தது. இராசதுரைக்கு விரல்களில் போட்டார்கள். விரலில் சதை எவ்வளவு இருக்கும்? அந்த ஆள் கடலில் எத்தனையோ பார்த்தவர், அங்கே கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தார். றம்ஸீன் வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு சின்னப் பஞ்சு ஒட்டியிருந்தது. ஏனோ வெட்கமாக இருந்தது அவருக்கு.

குட்டி மறுநாள் பகல் செத்தது. அதன் தலையை ஐஸ் பெட்டியில் வைத்துப் பரிசோதனைக்குக் கொழும்புக்கு அனுப்பினார்கள். நாலாம் நாள் யதுர்ஷன் போன் எடுத்துச் சொன்னான்.

"காக்கா, விசர்தான். உறுதியாயிட்டு."

அந்தக் கிழமை றம்ஸீனும் யதுர்ஷனும், குட்டியின் தாயையும் கூடப் பிறந்தவற்றையும் தேடி வீடு வீடாகத் திரிந்தார்கள். தாய் நாய் நாலு குட்டி போட்டிருந்தது. ஒன்று பிறந்த கையோடு செத்தது. இரண்டை வேறு வீடுகளுக்குக் கொடுத்திருந்தார்கள். ஒரு குட்டி நன்றாக ஓடித் திரிந்தது. அதைக் கட்டிவைத்துப் பார்க்கச் சொன்னார்கள். மற்றது இரண்டு கிழமைக்கு முன்பே காணாமல் போயிருந்தது. அந்த வீட்டில் மூன்று பேரை ஊசிக்கு அனுப்பினார்கள். தாய் நாயை எங்கும் காணவில்லை.

அந்தத் தாய் நாயை றம்ஸீனுக்குத் தெரியும். முந்தின வருடம் புரட்டாதியில் வந்தபோது, தோணிகளுக்குக் கீழே புகுந்து இரண்டு தரம் வலைக்குத் தப்பியது. வெயில் ஏறிவிட்டது, அடுத்த முறை பார்ப்போம் என்று விட்டுவிட்டு வந்தார். இதை யதுர்ஷனிடம் சொன்னார்.

"தாய்க்குப் போட்டிருந்தாலும் குட்டி தப்பியிருக்கும் எண்டு சொல்லேலாது காக்கா. குட்டி பிறந்ததே மாசியிலதானே."

"விளங்குது சேர்."

விளங்கத்தான் செய்தது. ஆனாலும் அன்றிலிருந்து, பிடிபடாத நாய்களுக்கென்று அவர் ஒரு கொப்பி வைத்திருக்கிறார். நிறம், இடம், எந்த நேரத்தில் வரும் என்று எழுதுவார். வேலை இல்லாத நாளிலும் போய்ப் பார்ப்பார்.

ஏழாம் நாள் இராசதுரை ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. சுலோஜனா பிள்ளையோடு வந்து போட்டுக்கொண்டு போனாள். மீன் நன்றாகப் படுகிறது, புண்ணும் ஆறிவிட்டது என்று அவர் கடலுக்குப் போய்விட்டாராம். மறுநாள் முதல் பஸ்ஸில் றம்ஸீன் மாங்கேணிக் கரைக்குப் போய் இருந்தார். ஒன்பதரை போல படகு வந்தது. இராசதுரை அவரைக் கண்டதும் முகத்தைத் திருப்பினார்.

"காக்கா, புண் ஆறிட்டு. பாருங்க."

"ஒரு பட்டிக்காரருக்கும் ஆறித்தான் இருந்த," என்றார் றம்ஸீன். "எனக்குத் தெரிஞ்ச மனிசன். ரெண்டு மாதம் நல்லாத்தான் திரிஞ்சார். நான் வார்த்துக் குடுத்த தேத்தண்ணிய அவரால குடிக்க ஏலாமப் போச்சு."

பிறகு மற்றதையும் சொன்னார், கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றது முதல். பதினொரு வருடத்தில் ஹஸீனாவுக்குக்கூட அவ்வளவு விபரமாகச் சொன்னதில்லை. இராசதுரை வலையிலிருந்து மீன் கழற்றுவதை நிறுத்திவிட்டார். மீனைப் படகில் கூட வந்த அண்ணனிடம் விட்டுவிட்டு, செதில் ஒட்டிய சாரனோடு பஸ் ஏறினார்.

காயான்கேணிப் பாலம் தாண்டும்போது இராசதுரை மெதுவாகச் சொன்னார்.

"உங்களிட்ட ஒண்டு சொல்லுறன். ஆரிட்டயும் சொல்லாதீங்க. வெள்ளென எழும்பினதும் முதல் வேலையா ஒரு மிடறு தண்ணி குடிச்சுப் பாக்கிறன். இறங்குதா எண்டு."

றம்ஸீன் யன்னலுக்கு வெளியே பார்த்தார். களப்புத் தண்ணீர் வெயிலில் கண்ணைக் கூசவைத்தது.

"நானும் பாக்கிறன்."

"நீங்களுமா? அவ்வளவு ஊசியும் போட்டுட்டா?"

"ஓம். அவ்வளவும் போட்டுட்டுத்தான்."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. முன் இருக்கையில் இருந்த ஒரு அம்மா திரும்பிப் பார்த்தார். மீன் மணம் பஸ் முழுவதும் பரவியிருந்ததால் அவருக்கு ஏற்கெனவே எரிச்சல்.

ஒரு நாள் பிந்தினாலும் பாதகம் இல்லை, விட்டுவிடாமல் வந்ததே நல்லது என்று தாதி சொன்னார். முப்பதாம் நாள் தகப்பனும் பிள்ளையும் சேர்ந்தே வந்தார்கள். கம்சாயினி இந்த முறை அழவில்லை. டொக்டர் அவளுடைய அட்டையில் கடைசிக் கையெழுத்தை வைத்துவிட்டு, இதைப் பத்திரமாக வைத்துக்கொள், இனி ஏதாவது கடித்தால் இதைக் கொண்டு உடனே வா, அநேகமாக இரண்டு ஊசியோடு சரிவரும் என்றார். பிள்ளை விறாந்தைக்கு வந்து றம்ஸீனிடம் அட்டையை நீட்டினாள்.

"இனி எனக்கும் உங்களைப் போல ரெண்டு காணுமாம்."

"காணும் மகள். ஆனாக் கடி வாங்காத."

இதெல்லாம் நடந்துகொண்டிருந்த நாட்களில் ஹஸீனா மணிக்கட்டுக் கீறலைப் பற்றிக் கேட்டாள், அவர் சொன்னார், அவ்வளவுதான். வேலையை விடச் சொல்லுவாள் என்று அவர் காத்திருந்தார். சொல்லவில்லை. ஆவணி பிறந்த பிறகு ஒரு நாள் மத்தியானம், சோறு போட்டுக் கொடுத்துவிட்டு எதிரே இருந்து கேட்டாள்.

"இஞ்ச பாருங்க, இந்த விசர் பூனைக்கும் வருமா?"

"வரும்."

"அப்ப பூனைக்கும் ஊசி இரிக்கா?"

"இரிக்கி. அதே ஊசிதான்."

"பதினொரு வரிசமா ஊரெல்லாம் நாய் பிடிச்சுத் திரியிறீங்க. எங்கட ஒழுங்கையில நாய் இல்ல, சரி. வீட்டுக்கு வீடு பூனை கிடக்கே. புள்ளையள் கட்டிப் பிடிச்சுக்கிட்டுப் படுக்குதுகள். ஏன் ஒருத்தரும் வாறல்ல?"

பூனைக்கும் போடலாம் என்று ஒலிபெருக்கியில் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார்கள். நாய் வண்டி வருகிறது என்று அந்தத் தெருவில் யாரும் வாசற்படலையைத் திறந்ததில்லை. அவரும் தட்டியதில்லை.

"நீ கேட்டுப் பாரு," என்றார்.

அவள் கேட்டாள். பஹீமா வீட்டில் மூன்று, மூலை வீட்டில் இரண்டு, தையல் மெசின் வைத்திருக்கிற ஸஹீதாவிடம் நாலு என்று பழைய கலண்டர்த் தாளின் பின்பக்கம் எழுதினாள். ஒரு சனிக்கிழமை காலை யதுர்ஷன் வந்து றம்ஸீனின் முற்றத்தில் மேசை போட்டான். பெண்கள் பூனைகளைத் தலையணை உறைக்குள் போட்டுக் கொண்டுவந்தார்கள். உறைகள் மேசையில் உருண்டன, கத்தின. நாய்க்குப் பழகிய றம்ஸீனுக்குப் பூனை பிடிக்கத் தெரியவில்லை. முதல் பூனையே உறைக்கு வெளியே காலை நீட்டிக் கையுறையைப் பிய்த்தது. பெண்கள் சிரித்தார்கள். பிறகு ஹஸீனாதான், பிடரியைப் பிடித்து, துவாயால் சுற்றி, ஒவ்வொன்றாகக் கொடுத்தாள்.

"தொடையிலயா போடுற?"

"தோலுக்குக் கீழ, அக்கா. அப்பிடியே பிடிங்க," என்றான் யதுர்ஷன்.

பதின்மூன்று பூனைக்குப் போட்டாயிற்று. பதினாலாவது அவர்களுடைய வீட்டுப் பூனை. அது உறையைக் கண்டதும் பாய்ந்து மதிலுக்குப் போய், மதிலிலிருந்து முருங்கை மரத்தில் ஏறிவிட்டது. ஹஸீனா மரத்தடியில் நின்று கருவாட்டுத் துண்டைக் காட்டிக் கூப்பிட்டாள். அது அசையவில்லை. யதுர்ஷன் மருந்தை மறுபடி ஐஸ் பெட்டியில் வைத்துவிட்டு நேரத்தைப் பார்த்தான்.

"விடுவமா காக்கா? அடுத்த முறை பாப்பம்."

"இல்ல சேர், கொஞ்சம் நில்லுங்க," என்று சொல்லி, றம்ஸீன் வலையைத் தூக்கிக்கொண்டு மதிலில் ஏறினார்.